கிரவுன் கங்காவின் கட்டைவிரல்

பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்புட்குழிக்குத் திரும்புகிற இடத்தில் நின்று, "கிரவுன் கங்கா பட்டறை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டிவிட்டு, "காலையிலயே போயிடுங்க, மத்தியானத்துக்கு மேல அந்தம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று இலவசமாக ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புவார். அதை நம்ப வேண்டாம். அவளுக்குக் காலையிலும் கோபம் வரும்.

முழுப் பெயர் கங்கையம்மாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, கங்கா ஒரு லாரிப் பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலைக்குப் போனாள். கழுவிய பல்சக்கரங்களை அடுக்கி வை என்றால், இவள் எது எதோடு சேரும் என்று பொருத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் முதலாளி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஒரு லாரியின் கிரவுனைத் தானே கழற்றி மாட்டிவிட்டு, "சத்தம் போச்சு, ஓட்டிப் பாருங்க" என்றாள். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு ஓட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் சாமான் கழுவ வேறு ஆள் வைத்தார்.

கிரவுன் என்று இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்வது, வண்டியின் பின் ஆக்சிலுக்கு நடுவே பானை மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கிறதே, அந்த டிஃபரன்ஷியலை. அது என்ன செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கங்கா கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவாள். "சாமி பல்லக்கு வீதி மூலையில திரும்பறப்போ பாத்திருக்கியா? வெளிப்பக்கம் தோள் குடுத்தவன் எட்டி எட்டி நடப்பான். உள்பக்கம் நிக்கிறவன் நின்ன எடத்துலயே கால் மாத்துவான். ரெண்டு பேரும் ஒரே எட்டு வச்சா பல்லக்கு கவுந்துடும். சக்கரமும் அப்படித்தான்பா. அவனவனை அவனவன் வேகத்துல ஓடவிடறது கிரவுன்."

ஆனால் மணலிலும் சேற்றிலும் அந்தத் தாராளமே வினை. பிடிமானம் இல்லாத சக்கரம் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், மற்றது நகராது. அதற்காக இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட ஒரு பூட்டு. சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசரிலிருந்து காற்று போய்ப் பூட்டிவிடும். அணைத்தால், அதே காற்று வால்வு வழியாக 'புஸ்'ஸென்று வெளியே வந்து, பூட்டு விட்டுவிடும். விடாமல் தார் ரோட்டில் மூலை திரும்பினீர்களோ, இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, எங்காவது ஒன்று முறிந்தே தீரும்.

இந்தப் பூட்டு போடுவதில்தான் கங்காவுக்குப் பேர் வந்தது. பட்டுக்கடைப் பிள்ளைகள், ஏனாத்தூர் கல்லூரி வாத்தியார்கள், ரைஸ்மில்காரர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்கு ஜீப் பைத்தியம் பிடித்த காலம் இது. பழைய ஜீப்பை வாங்கி, உயரத்தைக் கூட்டி, யானைக்கால் டயர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் பாலாற்று மணலில் இறக்கிவிடுகிறார்கள். கங்காவின் புருஷன் ராமராஜன் வெல்டிங் வேலைக்காரன். மேலே கம்பிக்கூண்டு, பம்பர் எல்லாம் அவன் பாடு. கீழே கிரவுன் அவள் பாடு. குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவி, ஒரு சுற்று சுற்றி, பல்லும் பல்லும் எங்கே முத்தமிட்டிருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு நூல் விலகியிருந்தாலும் முழுசாகப் பிரித்துவிடுவாள். "என் கை பட்ட கிரவுன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்று சொல்வாள். அவள் அடக்கமானவள் என்று யாரும் இதுவரை குற்றம் சாட்டியதில்லை.

வேலை முடிந்து, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, சுவிட்சைப் போட்டு அணைத்து, 'புஸ்' கேட்டுத் திருப்தியான பிறகு, கடைசியாக ஒரு காரியம் பாக்கியிருக்கும். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். மற்ற பட்டறைகளில் ஆயுத பூஜைக்குத்தான் பொட்டு. இங்கே வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் உண்டு. "எங்கப்பா கூலி வாங்கறதுக்குக் கைநாட்டு வச்சாரு. நான் என் வேலைக்குக் கைநாட்டு வைக்கிறேன்" என்பாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும், உடனே இருமி மறைத்துவிடுவாள்.

பொட்டை முதலில் கிரவுன் பானையின் மேல்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடியில் இருப்பதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? முதல் சேற்றிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். காற்றுப் பூட்டு வந்ததும் வசதியாகப் போயிற்று. கம்ப்ரசரும் வால்வும் பானட்டுக்குள், கண்ணுக்கு எதிரே. ஜீப்காரர்களோ நாலு பேர் சேர்ந்தால் பானட்டைத் திறந்து வைத்துப் பெருமை பேசுகிற ஜாதி. ஆடி மாசத்திலிருந்து பொட்டு அங்கே ஏறியது. என்ஜின் சூட்டில் உதிராமல் நிற்கட்டும் என்று சந்தனத்தில் கேஸ்கெட் ஒட்டுகிற பசை ஒரு சொட்டும் கலந்துகொண்டாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே மூன்று தறி ஓட்டும் குமாரவேலின் ஜீப் அப்படிப் பொட்டு வாங்கிப் போனதுதான். பத்து நாள்கூட ஆகவில்லை. ராஜ வீதி மூலையில், ஒரு பட்டுக்கடை வாசலில், டயர் கிறீச்சிட்டு, பின் ஆக்சில் ராடு முறிந்து நின்றது. ராமராஜன் போய்க் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வந்தான். கங்கா பழைய பொட்டை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, கிரவுனைப் பிரித்தாள். பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டைப் போட்டுப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. "ராடு பழசு, அதான்" என்று புது ராடு போட்டாள்.  சோதனை எல்லாம் முடித்துவிட்டு, புதுப் பொட்டு வைத்து அனுப்பினாள். மனசுக்குள் மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பி வந்துவிட்டதே!

அடுத்த ஞாயிறு. கங்கா சோற்றில் கை வைத்த நேரம் ராமராஜனின் போன் பேசியது. ஜீப்காரர்களின் வாட்ஸப் குழுவில் வேல்முருகன் என்பவன் போட்டிருந்த குரல் செய்தி. அந்தக் குழுவை நடத்துகிறவன் அவன்தான். வெறும் வாயை மெல்லுகிறவன், அன்றைக்கு அவலும் கிடைத்துவிட்டது.

"குமாரவேல் வண்டி மறுபடியும் புட்டுக்கிச்சுபா. ஆத்துலேருந்து ரோட்டுக்கு ஏறி திருப்பினாரு, வண்டி திரும்பாம நேராப் போயி சின்னப்பாலத்துக் கட்டைச் செவுத்துல முட்டிக்கினு நிக்குது. ஊட்டுக்காரம்மா வேற கூட உக்காந்துக்கினு இருந்தாங்க. கிரவுன் கங்காவாம், கிரவுனு! பொம்பளை கையில ஸ்பேனரைக் குடுத்தா இதான் நடக்கும்."

கங்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "யோவ், வண்டிய எடுய்யா."

பாலாற்றங்கரையில் ஜீப்புகள் வளைத்து நின்றன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன கங்கா, வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் மஹாலட்சுமியைத்தான் பார்த்தாள். குமாரவேலின் மனைவி. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எனக்கு இந்த வண்டின்னாலே பயம்க்கா," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க செஞ்சதுன்னு இவரு சொன்னாரு. அதை நம்பித்தான் ஏறி உக்காந்தேன்."

வேல்முருகன் குரல் செய்தியில் சொன்னதெல்லாம் கங்காவுக்கு ஒரு பொருட்டில்லை. இது சுருக்கென்று உள்ளே போய்விட்டது. நேராக ஜீப்பிடம் போனாள்.

இழுத்துப் போவதற்காகக் காற்றுக்குழாயைக் கழற்ற வேண்டும். பூட்டு சுவிட்ச் அணைந்திருந்தது, அதிலுள்ள சின்ன விளக்கும் எரியவில்லை. அப்படியானால் குழாயில் காற்று இருக்கக் கூடாது. பானட்டைத் திறந்து வால்வுக்குக் கீழே இருந்த நட்டை அரைச் சுற்று திருகினாள்.

புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது.

கங்கா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். அணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் காற்று உள்ளேயே இருந்திருக்கிறது! விளக்கு அணைந்ததைப் பார்த்துப் பூட்டு விட்டுவிட்டது என்று குமாரவேல் நம்பியிருக்கிறான். பூட்டு விடவே இல்லை. பூட்டோடுதான் ரோட்டில் திருப்பியிருக்கிறான், போன தடவையும், இந்தத் தடவையும்.

"யோவ்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ராமராஜனைக் கேட்டாள், "அன்னிக்கு நீ கழட்டனப்போ காத்து வந்துச்சா?"

"வந்துச்சு. வண்டின்னா காத்து இருக்காதா?" என்றான் அந்தப் புண்ணியவான்.

காற்று ஏன் போகவில்லை? வெளியேறும் துவாரம் வால்வின் மேல்முகத்தில் இருந்தது, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அங்கே விரல் வைத்தாள். ஓட்டை அகப்படவில்லை. கெட்டியாக, வழுவழுவென்று, சூட்டில் வெந்து கல்லாகிப்போன சந்தனம் தட்டுப்பட்டது. நடுவில் குங்குமம். சந்தனத்தில் அச்சாகப் பதிந்திருந்தது அவளுடைய கட்டைவிரல் ரேகை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தன் தும்பிக்கையைத் தானே மிதித்துக்கொண்ட யானை இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சோதனை எல்லாம் முடிந்த பிறகு வைக்கிற பொட்டு! அதனால்தான் பட்டறையில் ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாசலைத் தாண்டிய பிறகு பொட்டு காய்ந்து, வழியை அடைத்திருக்கிறது. கங்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் பார்க்க வேண்டுமென்று அடியிலிருந்து மேலே ஏற்றினாளே, அந்த ஆசையை நினைத்தபோது தன்னையே ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பானட்டுக்குள் அவர்கள் இரண்டு பேர் தலை மட்டும்தான். ராமராஜன் சட்டென்று விஷயத்தைப் புரிந்துகொண்டான். வெல்டிங்காரனானாலும் இதிலெல்லாம் கெட்டிக்காரன். தோளில் கிடந்த துணியை அவள் கையில் திணித்தான்.

"சுரண்டிப் போட்டுடுடி. ஒருத்தனும் பாக்கல."

அந்த நேரம் பார்த்துக் குமாரவேலும் பக்கத்தில் வந்தான். தங்கமான மனுஷன். "கங்காக்கா, அந்த வெளிநாட்டுப் பூட்டுச் சாமானே மட்டமா இருக்கும். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றான்.

ஆக, வழியும் திறந்திருந்தது, அதில் அவளைத் தள்ளிவிட ஆளும் இருந்தான். ஒரு சுரண்டல், ஒரு பொய். பட்டறைப் பேர் பிழைத்துவிடும். சொன்னாலோ, வேல்முருகன் வாயில் விழுந்து ஊர் சிரிக்கும். பொட்டு வைத்து வண்டியை உடைத்தவளிடம் எவன் இனி கிரவுனைக் கொடுப்பான்? மறுபடியும் எங்காவது போய் மண்ணெண்ணெயில் சாமான் கழுவ வேண்டியதுதான். கங்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. 

பிறகு மற்ற வண்டிகள் நினைவுக்கு வந்தன. ஆடியிலிருந்து இதே மாதிரிப் பொட்டோடு போனவை ஏழெட்டு இருக்கும். எந்தெந்த மூலையில், யார் யாரை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றனவோ? அத்தனையிலும் அவள் கட்டைவிரல்.

துணியைப் புருஷன் தோளிலேயே திருப்பிப் போட்டாள். நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"எல்லாரும் இங்க வாங்கடா! வேல்முருகா, நீ முன்னாடி வா. உனக்குத்தான் நல்லாத் தெரியணும்."

எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

"இது பூட்டு விடறப்போ காத்து வெளிய போற வழி. இதை அடைச்சுக்கினு இருக்கறது சந்தனம். வச்சது நான். சந்தேகமா இருந்தா பாத்துக்க, ரேகை இருக்குது. மோப்ப நாயெல்லாம் தேவையில்ல."

 வேல்முருகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னாக்கா நீ! பொட்டு வச்சே கிரவுனைச் சாவடிச்சிட்டியே!"

"சிரிச்சிக்கோ. நல்லா சிரி. சிரிச்சி முடிச்சதும் உன் போனைக் குடு. உன் குரூப்புல பேசணும்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. போனைக் கொடுத்தான். கங்கா அதை வாயருகே பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற குரலில் பேசினாள்.

"நான் கங்கையம்மா பேசறேன். குமாரவேல் வண்டி முறிஞ்சது என் தப்பு. ஓட்டனவரு தப்பு இல்ல, சாமான் தப்பும் இல்ல. நான் வச்ச பொட்டு காத்து போற ஓட்டைய அடைச்சிடிச்சு. ஆடியிலிருந்து நான் காத்துப் பூட்டு போட்ட வண்டிங்க எல்லாம், பூட்டு சுவிட்சைத் தொடாம, மெதுவா பட்டறைக்கு வாங்க. பயமா இருந்தா போன் போடுங்க, நானே வரேன். நீங்களா சுரண்டாதீங்க, தூளு உள்ள போயிடும். என் தப்பை நான்தான் சுரண்டணும். இன்னொண்ணு. கிரவுன் வேலையில ஒரு குத்தம் கிடையாது. அதுல குறை சொல்றவன் எவனா இருந்தாலும் நேர்ல வந்து பிரிச்சிக் காட்டட்டும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மஹாலட்சுமி முன்னால் போய் நின்றாள்.  "வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"வலிக்காம?" என்றாள் மஹாலட்சுமி. ஈரத்துணியைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "தறியில இழை உட்டுப்போச்சுன்னா, சொன்னா பிரிச்சி நெய்யலாம். சொல்லாம மடிச்சிக் குடுத்தா கல்யாணத்தன்னிக்கு மணையில தெரியும். வண்டிய நீங்களே எடுத்துக்கினு போங்கக்கா. வேற எங்கியும் வுடறதா இல்ல."

கங்கா இருமிக்கொண்டே போய்க் கயிற்றைக் கட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறை வெறிச்சென்று கிடந்தது. லாரிகள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருந்தன, ஒரு ஜீப்பும் திரும்பவில்லை. ராமராஜன் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். சோத்துல மறைக்கற பூசணிக்காய, சோறே இல்லாம தனியா எடுத்து வச்சி ஊருக்குக் காட்டினவ நீ ஒருத்திதான்டி" என்றான்.

"ஆமாய்யா, காட்டினேன். உன் பொண்டாட்டிக்கு அந்தத் தெம்பு இருக்குதுன்னு சந்தோசப்படு" என்றாள் கங்கா. சொன்னாளே தவிர, கண் ரோட்டை விட்டு அகலவில்லை. கடைசியில் முதுகைத் திருப்பிக்கொண்டு குமாரவேலின் ஆக்சிலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தது ஏனாத்தூர் வாத்தியாரின் பச்சை ஜீப். மாட்டு வண்டி வேகத்தில், திருப்பத்தைப் பெரிதாக வளைத்துக்கொண்டு வந்தது. கங்கா பானட்டைத் திறந்து, ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, மெல்லிய ஊசியால் பொட்டைத் துளித்துளியாக எடுத்தாள். சுவிட்சைப் போட்டு அணைத்தாள். 'புஸ்' என்றது. வாத்தியார் போகாமல் பக்கத்திலேயே நின்று, அடுத்து வந்த ரைஸ்மில்காரரிடம், "பயப்படாம குடுங்க, கண்ணு முன்னாடியே காட்டறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் பட்டறை வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் ஜீப்புகள் நின்றன. பொட்டு வைத்த வண்டிகள் மட்டுமல்ல. பழைய கிரவுனில் முனகல் இருக்கிறது, எண்ணெய் ஒழுகுகிறது என்று ஒவ்வொருவனும் ஒரு சாக்கு வைத்திருந்தான். ராமராஜன் வெல்டிங்கை விட்டுவிட்டு எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினான். பெருமை பிடிபடவில்லை அவனுக்கு.

அப்போதுதான் கறுப்பு நிறத்தில், இருக்கிறதிலேயே உயரமான ஜீப் ஒன்று வரிசையைத் தாண்டி நேராகப் பட்டறை வாசலுக்கே வந்து நின்றது. வேல்முருகன் இறங்கினான். கங்கா அந்த வண்டிக்குக் கை வைத்ததே கிடையாது.

"உன் வண்டி என் வேலை இல்லியே" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லதான்க்கா." அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்னுதும் ரோட்டுல திரும்ப அடம் புடிக்குது. பூட்டு போட்டவன்கிட்ட எத்தனை தடவ போயிட்டேன், ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே சொல்றான். நீங்கன்னா, கோளாறு இருந்தா இருக்குதுன்னு சொல்லுவீங்கல்ல?"

கங்கா நிமிர்ந்து அவனை ஒரு தரம் முழுசாகப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் காட்டினாள்.

"சொல்லுவேன். கடைசியா போயி நிறுத்துபா. உனக்கு முன்னாடி வந்தவங்க நிக்கிறாங்க."

வேல்முருகன் மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தான்.